மூத்தவளுக்கு ஒரு புட்டி

"துடைக்காதீங்கக்கா! முகம் ஈரமா இருக்கும்போதுதான் இதைத் தடவணும்!"

ரௌஷான் துண்டைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். தராஸ் நகரத்துப் பெரிய சந்தையில் அழகுசாதனக் கடை வைத்திருப்பவள். அவள் முதலில் விற்பது வாயைத்தான், சரக்கெல்லாம் அப்புறம்தான் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

முக்காலியில் உட்கார்ந்திருந்த மக்பால், மோயின்கும் மணற்காட்டு ஆட்டுப் பண்ணையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள். அந்த ஊர் வெயிலும் காற்றும் அவள் முகத்தை ஒரு வழி பண்ணியிருந்தன. கன்னம் வெடித்துக் கிடந்தது. கண்ணோரத்தில் கோடு கோடாகச் சுருக்கம். வயது ஐம்பத்தைந்தாவது இருக்கும், தன்னைவிட ஏழெட்டு வயது பெரியவள் என்று ரௌஷான் பார்த்ததுமே முடிவுகட்டிவிட்டாள்.

"இதுவரைக்கும் என்ன போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆட்டு வால் கொழுப்பு."

"நல்லாப் போச்சு! புலாவ் கிண்டவா போறோம்?" என்று சிரித்தாள் ரௌஷான். "கொழுப்பு தப்பில்லக்கா. ஆனா காஞ்ச தோலு மேல அதைத் தடவுறது காலிப் பானைக்கு மூடி போடுற மாதிரி. உள்ள தண்ணி வேணும்ல? அதுக்குத்தான் இந்த சீரம்."

மூன்று சொட்டு எடுத்து அந்த ஈரக் கன்னத்தில் வைத்தாள்.

"இது தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். காஞ்ச மூஞ்சில போட்டுட்டு உங்க ஊர்க் காத்துல போய் நின்னீங்கன்னா, தோலுக்குள்ள இருக்கிற தண்ணியையும் இழுத்து வெளிய விட்டுடும். அதனால ஈரத்தோட போடணும், போட்ட கையோட மேல க்ரீம் பூசணும். தேய்க்கக் கூடாது. இப்படி மெதுவா ஒத்தணும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"அப்படி என்ன ஞாயித்துக்கிழமை?"

மக்பால் கொஞ்சம் தயங்கினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அறுபது வயசு. பண்ணையில விருந்து. நூறு பேருக்கு மேல வர்றாங்க. 'நீ அடுப்புப் பக்கமே இரு, இந்த மூஞ்சியோட வந்து உக்காந்து என் மானத்தை வாங்காதே'ன்னுட்டார். அன்னிக்கு ஒரு நாளாவது நானும் எல்லார் கூடவும் உக்காரணும்."

ரௌஷானுக்குச் சுரீரென்றது.

"கட்டுன பொண்டாட்டியை அடுப்புக்கு அனுப்பிட்டு, பக்கத்துல யாரை உக்கார வெக்கப் போறாராம்?"

"அவங்க அல்மாட்டியில இருந்து வருவாங்க. அங்க ஃப்ளாட்ல இருக்காங்க. முகமெல்லாம் அப்படியே பளபளன்னு இருக்கும்."

"ஓஹோ, ரெண்டு பொண்டாட்டிக்காரரா!"

மீதியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் பார்த்துச் சலித்த கதைதான். கையில் நாலு காசு சேர்ந்ததும் ஆண்பிள்ளைகள் இளையதாரமாக ஒரு தோக்கலைத் தேடிக்கொள்வார்கள். தோக்கலுக்கு நகரத்தில் வீடு, மூத்தவளுக்கு ஆட்டுப் புழுக்கை.

"என் புருஷனும் ஒரு தோக்கலைச் சேத்துக்கிட்டுப் போய் மூணு வருஷமாச்சு." என்றாள் ரௌஷான். "அவ மட்டும் என் கண்ணுல பட்டா சும்மா விடமாட்டேன். நீங்க என்னடான்னா வருவாங்க, இருக்காங்கன்னு மரியாதை கொடுத்துக்கிட்டு!"

"அப்படியே சொல்லிப் பழகிடுச்சு."

"பொழைக்கத் தெரியாதவங்க நீங்க. அவர்கிட்ட நியாயம் கேக்கலையா?"

"கேட்டேன். ஆட்டைப் பாத்துக்கவும் பால் கறக்கவும்தான் உன்னை வெச்சிருக்கேன்னார்."

ரௌஷான் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். கன்னம் லேசாக உப்பி, கண்ணோரக் கோடுகள் கொஞ்சம் மங்கியிருந்தன. மக்பால் தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அழுகையை அடக்குவது தெரிந்தது.

"பாத்தீங்களா? இதுல பாதி வயசு, பாதி தாகம். ரெண்டு வேளையும் விடாம போடுங்க. ஞாயித்துக்கிழமை பளிச்சுன்னு இருப்பீங்க."

மக்பால் தலைக்குட்டை முனையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தாள். ரௌஷான் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். மேல்தட்டில் இருந்த விலை உயர்ந்த புட்டியை எடுத்து, கூடவே ஒரு க்ரீம் டப்பாவும் சேர்த்துப் பையில் போட்டு அவள் மடியில் வைத்தாள்.

"காசெல்லாம் வேண்டாம். நம்மள மாதிரி மூத்தவங்களுக்கு நாமளே செஞ்சுக்கலைன்னா வேற யாரு செய்வா? விருந்துல அந்தச் சிறுக்கி எதிர்ல நீங்க நிமிர்ந்து உக்காரணும், அவ்வளவுதான். ஆமா, அவளுக்கு என்ன வயசு இருக்கும்?"

மக்பால் பையைத் திறந்து புட்டியைப் பார்த்தாள். அதை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு, பணத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். தலை குனிந்தே இருந்தது.

"உங்ககிட்ட இதைச் சும்மா வாங்கிக்கிட்டா பாவம், அக்கா," என்றாள். "அவங்களுக்கு அம்பத்தெட்டு வயசு. எனக்குத்தான் முப்பத்தி நாலு. தோக்கல் நான்தான்."