நாலாம் மாடித் தண்ணீர்

சந்தையிலிருந்து வந்து தன் தரைத்தள வீட்டின் பால்கனிக் கதவைத் திறந்த மல்சுன், மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கணுக்காலளவு சாம்பல் தண்ணீர். அதில் முடி, நூல் பிசிறு, நுரை. போதாததற்கு மூத்திர வாடை. கிம்ச்சி ஊறுகாய் டப்பாக்கள் பாதி முங்கிக் கிடந்தன. சீ! ஊரார் வீட்டு அழுக்கெல்லாம் இவள் வாயில் போகிற சாப்பாட்டின் மேலா?

காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று. குளிரில் கழிவுக் குழாய் அடியில் உறைந்துவிட்டது, யாரும் வாஷிங் மெஷின் போடக்கூடாது, போட்டால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் கீழ்வீட்டில்தான் பொங்கும் என்று. சொன்னதே மல்சுன்தான். அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளர் அவள்.

மூத்திர வாடை என்றால் கைக்குழந்தை வீடு. கைக்குழந்தை என்றால் நாலாம் மாடி யேரின். படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

யேரின் மெஷினைத் திறந்தே காட்டினாள். உள்ளே காய்ந்திருந்தது. துடைத்து வைத்துவிட்டு நாடகமாடுகிறாயா என்று மல்சுன் பிடித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்த பெண்கள் எதிரிலேயே அவள் மானத்தை வாங்கினாள். வீட்டு ஓனரிடம் சொல்லி இந்த மாதமே காலி பண்ண வைக்கிறேன் என்றாள். பச்சைப் பிள்ளையோடு இந்தக் குளிரில் எங்கே போவது என்று யேரின் அழுதாள்.

கீழே வந்து தண்ணீரை மொள்ள ஆரம்பித்தாள். ஷாக் அடித்துத் தொலைக்கப் போகிறதே என்று தன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கப் போனாள்.

மெஷின் மூடி வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே, அதே மூத்திர வாடையோடு, புருஷனின் படுக்கை விரிப்பும் உள்காற்சட்டையும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மெஷின் பக்கமே வராத மனுஷன். கூடத்தில் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் யேரின், முதுகில் குழந்தை, கையில் வெந்நீர்க் கெட்டில். பின்னால் இரண்டாம் மாடிப் பெண்கள்.

"நான் போடலக்கா. இருந்தாலும் குழாய்ல ஊத்தலாம்னு வெந்நீர் கொண்டாந்தேன்."

மல்சுன் பால்கனிக்குப் போய் மெஷின் மூடியைச் சாத்தினாள். தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

"சரி விடும்மா, சின்னப் பொண்ணு. வீட்டு ஓனர்கிட்ட சொல்லல. இனிமே போடாதே."

யேரின் குழந்தையோடு இடுப்பு வளைய வணங்கி நன்றி சொன்னாள். பிறகு பால்கனிக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அந்தத் தண்ணீரை மொள்ள உட்கார்ந்தாள்.