நாற்பத்தோராம் பலகை

நாற்பத்தோராம் பலகைக்கு இன்னும் முப்பதடி இருந்தது.

அவள் பேராசிரியருக்கு ஓரடி பின்னால் நடந்தாள். அதுதான் அவளுக்கென்று ஒதுக்கிய இடம்.

துணைவேந்தர் புதருக்குள் கையைக் காட்டினார். செம்பழுப்புச் சிறகு. சிவந்த கண்.

“செம்போத்து,” என்றாள் மெல்ல.

“செம்போத்துங்க ஐயா,” என்றார் பேராசிரியர் தணிகாசலம், உரக்க.

காலையிலிருந்து இப்படித்தான். அவள் முணுமுணுப்பாள், அவர் முழங்குவார். அழிஞ்சில், ஆதண்டை, பூனைக்காலி, எல்லாச் செடிப் பெயரும் அவள் வாயிலிருந்து அவர் வாய்க்குப் போயின. குறுக்கே ஓடிய கீரி ஒன்றுதான் அவருக்குச் சொந்தமாகத் தெரிந்தது.

பல்கலைக்கழக இயற்கைப் பாதையின் வாசலில் இன்றுதான் பெயர்க்கல் திறந்தார்கள். ‘உருவாக்கம்: முனைவர் கோ. தணிகாசலம்’. இரண்டு வருடம் முள்ளில் கிழிபட்டு அறுபத்திரண்டு பலகைகளுக்கும் செடி தேடியவள் அவள். கல்லில் அவள் பெயருக்கு இடம் இல்லையாம். ஒப்பந்ததாரர் பெயருக்கு இருந்தது.

அவருக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இருந்தும் சிரித்துக்கொண்டே நடந்தாள். அவளுடைய ஆய்வேடு பதினான்கு மாதமாக அவர் மேசையில் கிடக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் நகரும். இந்த மாதம் தாண்டினால் அவளுடைய பதிவே காலாவதி.

கேட்டால், “விழா முடியட்டும்,” என்பார்.

கையெழுத்துப் போட வேண்டிய பச்சை மைப் பேனாவால்தான் இப்போது செடிகளைச் சுட்டிக் காட்டிக்கொண்டு போனார்.

இருபதடி.

நாற்பத்தோராம் பலகையில் ‘குப்பைமேனி’ என்று இருக்கும். எழுதியவள் அவள்தான். ‘இலையைக் கசக்கித் தேய்த்தால் சொறி, அரிப்பு தீரும்.’

பலகைக்குக் கீழே இப்போது குப்பைமேனி இல்லை.

விழாவுக்காக நேற்றுப் பாதையைச் சுத்தம் செய்தார்கள். தோட்ட வேலைக்கு வரும் பவுனம்மாளுக்குக் குப்பைமேனி வெறும் களை. வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற காஞ்சொறியை மட்டும் விட்டுவைத்தாள்.

“அதத் தொட்டா நெருப்பா எரியுது பாப்பா. நான் மாட்டேன்.”

ஏறக்குறைய அதே உயரம். இலையோரத்தில் அதே ரம்பப் பல். ஆய்வகத்தை விட்டு வெளியே வராதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலையில் பார்த்ததும் அவள் ஓடிப்போய் அவரிடம் சொன்னாள். அங்கே நிற்பது காஞ்சொறி, பலகையை எடுத்துவிடலாம் என்றாள்.

“அழைப்பிதழ்ல அறுபத்திரண்டுன்னு அடிச்சாச்சு,” என்றார். “அறுபத்திரண்டும் இருக்கணும். குப்பைமேனி எது, காஞ்சொறி எதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா? பின்னால நிக்கிறதுதான் உன் வேலை.”

மூன்று மாணவிகள் அருகில் இருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவள் காதில் இன்னும் அடங்கவில்லை.

பத்தடி.

துணைவேந்தர் முழங்கையைச் சொறிந்தார். வந்ததிலிருந்தே சொறிந்துகொண்டுதான் இருக்கிறார்.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

“ஐயாவுக்குன்னே ஒரு செடி வச்சிருக்கோம்.”

இந்தப் பாதையில் அது வழக்கம். இலையைக் கசக்கி விருந்தாளியின் கையில் கொடுப்பார்கள். முகர்ந்து பார்ப்பார்கள், தேய்த்துப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். பறிப்பது அவள். கொடுப்பது அவர்.

பலகைக்கு முன்னால் நின்றார்கள். தானே எழுதியதுபோல அவர் அதை வாசித்தார். புகைப்படக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

பேராசிரியர் தலையை லேசாக அவள் பக்கம் சாய்த்தார். பழக்கதோஷம். அவள் ஏதாவது முணுமுணுப்பாள் என்று காத்திருந்தார்.

ஒரு வார்த்தை போதும். அவர் தப்பித்துக்கொள்வார். சமாளித்து அடுத்த பலகைக்குப் போய்விடுவார். நாளைக்கு அவள் மறுபடியும் அவர் அறை வாசலில் நிற்பாள்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

“என்னம்மா மரம் மாதிரி நிக்கிற? இலையப் பறி.”

குனிந்தாள். பையில் கைக்குட்டை இருந்தது. எடுத்தால் கண்டுகொள்வார்.

வெறுங்கையால் நான்கு இலைகளைக் கிள்ளினாள்.

விரலிடுக்கில் பற்றியது. மணிக்கட்டு வரை ஏறியது. கண்ணில் நீர் முட்ட, வெயிலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். எரிச்சலுக்கு நடுவே சந்தோஷமாகவும் இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

துணைவேந்தர் கையை நீட்டிவிட்டார்.

அவள் அந்தக் கையைத் தாண்டிப் பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

“முதல்ல நீங்க தேய்ச்சுக் காட்டுங்க சார். உங்க பாதை.”

இத்தனை வருடத்தில் அவள் சொன்னதில் அது ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருந்தது. புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

வலது கையை விரித்து நீட்டினார்.