குழாய்க்காக ஒரு ஜெபம்

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே நீண்டு, மேசைமேல் மூடியிருக்கும் பாத்திரங்களில் மினுங்குகிறது. மூவரும் கண்களை மூடியிருக்கிறார்கள். இன்று ஜெபிப்பது மகளின் முறை. குழாய் வேலை பார்க்கும் அப்பாவின் கை பசியில் தட்டைப் பிடித்தபடியே இருக்கிறது. வீடு அடங்கியதும், மாடியில் பெரியப்பா வீட்டுக் குழாய் வாளிக்குள் சொட்டுவது தெளிவாகக் கேட்கிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா காதில் மட்டும் அந்தச் சத்தம் விழுவதேயில்லை.

"இயேசப்பா, சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம். பெரியப்பா வீட்டுக் குழாய் ஒழுகிட்டே இருக்கு. அப்பாகிட்ட சொன்னேன், 'அதெல்லாம் கர்த்தர் பாத்துப்பாரு'ன்னுட்டாரு. அதனால நீங்களே வந்து சரி பண்ணிடுங்க. ஸ்பேனர் பை கதவுக்குப் பின்னாடி இருக்கு."

அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்குகிறாள். அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கிறார். மகளோ கண்களை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள்.

"ஆமென் சொல்லுடி, சாப்பாடு ஆறுது," என்கிறாள் அம்மா.

"இரும்மா, வர்றாரான்னு பாக்கலாம்."

சொட்டு விழுகிறது. இன்னொரு சொட்டு. பிறகு நாற்காலி நகர்கிறது. கதவுக்குப் பின்னால் இரும்புச் சாமான்கள் கலகலக்கின்றன. மாடிப்படியில் கனத்த காலடிகள் தயங்கித் தயங்கி ஏறுகின்றன.

"வந்துட்டாரும்மா," என்கிறாள் மகள், கண்ணைத் திறக்காமலே. "ஸ்பேனர் எடுத்துட்டு மேல போறாரு. ஆமென்."