வீட்டுத் தையல்

“வேலிக் கம்பி கிழிச்சிடுச்சு டாக்டர்,” என்றாள் நெரிஸ்.

கால்நடை மருத்துவர் இமிர், நாயின் பிய்ந்த தாடையைத் தூக்கிப் பார்த்தார்.

“யாருக்கும்மா காது குத்தற? இது வளைக்குள்ள வாழற பேட்ஜரோட கடி. மாட்டுக்குக் காசநோய் பரப்புதுன்னு உன் புருஷன் வயல்ல வளையைத் தோண்டி, நாயை உள்ள விட்டிருக்கான். பாதுகாக்கப்பட்ட காட்டு மிருகம் அது, கொன்னா ஜெயில். நான் போலீசுக்குச் சொல்லியாகணும்.”

இமிர் நாயின் கழுத்து முடியை விலக்கினார்.

“கழுத்துல பழைய தையல் வேற. நீல நைலான் நூல்! யார் தச்சது?”

“அவர்தான், வீட்லயே. டாக்டர்கிட்ட போனா மாட்டிக்குவோம்பார்.”

“அப்புறம் இன்னைக்கு மட்டும் ஏன் அவனுக்குத் தெரியாம கூட்டிட்டு வந்தே?”

“நீங்க போலீசைக் கூப்பிடுவீங்கன்னுதான்,” என்றபடி நெரிஸ் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

முழங்கைக்குக் கீழே, அதே நீல நூலில் ஏழு தையல்.