ஜெராக்ஸ் நடந்த நடை

கடைசியாக ஜெராக்ஸை உயிரோடு பார்த்தபோது அவர் நடந்து காட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, இரண்டு விரல்களால், போர்வையின் மேல்.

"இது பெரிய டாக்டர்." விரல்கள் விறைப்பாகப் போய்த் திரும்பின. "இது நர்ஸம்மா. இது சாப்பாட்டு வண்டி தள்ளுறவர்."

பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போதும் சார், பிரிஞ்சிடும்!"

"இப்போ நம்ம ஸ்டோர்ஸ்" என்று என்னைக் கண்ணால் காட்டிவிட்டு, ஒரு விரலை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி நடக்கவிட்டார்.

"இந்த நிலைமையிலகூட என்னை விடமாட்டீங்களா?" என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் நான் ஸ்டோர்ஸ் பார்த்தேன். அவர் ஜெராக்ஸ் மெஷின் பார்த்தார். அதுவே ஆளுக்கொரு பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. காகிதத்தைவிட ஆட்களைத்தான் அதிகம் நகல் எடுத்தார். யார் நடையும் தப்பாது. என் இடது பாதம் பிறவியிலேயே கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். "ஒரு கால் ஆபீசுக்குப் போகுது, ஒரு கால் கடைத்தெருவுக்குப் போகுது" என்பாள் என் மனைவி. அவள் சொன்னால் சிரிப்பேன். ஜெராக்ஸ் நடந்து காட்டினால் எரிச்சல் வரும்.

அவள் இறந்தபின் என்னை வீட்டைவிட்டு வெளியே இழுத்தது சைக்கிள் ஒன்றுதான். அதைப் பார்த்த மகள், புதுப் பெடலும் அதற்கான ஷூவும் வாங்கித் தந்தாள். ஷூவின் அடியில் ஒரு தட்டு இருக்கும். அழுத்தினால் பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். பாதம் இம்மியும் அசையாது. தட்டுகளை அவளே திருகி மாட்டினாள். ஸ்கேல் வைத்து, நேராக.

கொஞ்ச நாளில் இடது முட்டியில் வலி வந்தது. படியேறவே முடியாமல் போனது. ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன். கேட்கவில்லை. சைக்கிளை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, யாராவது வாங்குவார்களா என்று ஷூவோடு ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தினேன். விற்றபின் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, கேன்டீனில் ஜெராக்ஸ் என் நொண்டலை நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும், "வலியோட இருக்கிற மனுஷனைப் போய்... உங்களுக்கே நல்லாயிருக்கா?" என்றார்.

"இருங்கம்மா, படம் இன்னும் முடியலை!"

என் ஷூவை மாட்டிக்கொண்டு, என் சைக்கிளில் ஏறி, அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அச்சு அசலாக என்னைப்போலவே நொண்டினார். ஒரே கைதட்டல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஷூவைக்கூட உடனே தரவில்லை அந்த மனுஷன். மெஷின் அறைக்கு நொண்டிக்கொண்டே போனவர், சாயந்திரம்தான் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகு வலி மெல்லக் குறைந்தது. படிகளில் மறுபடி ஓடி ஏறினேன். சைக்கிளை விற்கவில்லை. தைலம்தான் கேட்டது என்று பல வருஷம் கண்டவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்தேன். ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாட்டில் கொண்டுபோயிருந்தேன்.

அதைப் பார்த்ததும் ஜெராக்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னுமா இதை நம்புறீங்க?"

"ஏன், என் முட்டியையே சரி பண்ணுச்சே!"

"அட ஸ்டோர்ஸ்! உங்க நடையை நான் வருஷக்கணக்கா நடக்கிறேன். ஒரு நாளும் வலிச்சதில்லை. உங்க சைக்கிளை மிதிச்சேன், உயிரே போயிடுச்சு. அன்னிக்கு இறங்கி நொண்டினேனே, அதை நடிப்புன்னா நினைச்சீங்க?"

நான் குனிந்து என் இடது பாதத்தைப் பார்த்தேன்.

"திரும்பியிருக்கிற காலை நேரா வெச்சுப் பூட்டினா முட்டி என்ன பண்ணும், பாவம்? அந்தத் தட்டைக் கழட்டி, உங்க பாதம் அதன் போக்குல இருக்கிற மாதிரி கொஞ்சம் கோணலா மாட்டினேன். அவ்வளவுதான்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"முதல்ல மாட்டினது யாரு? 'என் பொண்ணு கைப்பட மாட்டினா'ன்னு மாடி மாடியா சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. அந்தக் கையாலதான் வலின்னு நான் எந்த வாயால சொல்றது?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரிப்பை நிறுத்தியிருந்தார். ஜெராக்ஸுக்கு அது பிடிக்கவில்லை.

"சரி சரி, பாட்டிலை இங்கேயே வெச்சிட்டுப் போங்க. நர்ஸம்மாவுக்கு முட்டிவலி. நடையிலேயே தெரியுது."

இப்போதும் மகள் வந்தால் சைக்கிளைத் துடைத்துவைப்பாள். "நான் மாட்டினது அப்படியே இருக்காப்பா?" என்பாள்.

"துளிகூட அசையலைம்மா" என்பேன்.

ஷூ இரண்டும் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. வலது தட்டு நேராக இருக்கிறது. இடது தட்டு கோணலாக இருக்கிறது.