குதிகாலுக்கு மேல் ஓர் உதை

"யாரு உதைச்சது?" என்று அலறிக்கொண்டே அவன் ஆடுகளத்தில் விழுந்தான்.

வலைக்கு அருகே விழப்போன இறகுப்பந்தை எடுக்கப் பாய்ந்த நொடி. குதிகாலுக்கு மேலே, பின்னாலிருந்து பலமாக ஓர் உதை. 'டப்' என்று சத்தம்கூடக் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்றது ஒரே ஒரு ஆள். அவனுடைய அத்தான். அக்காவின் கணவர்.

தொழிற்சாலைப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இருவரும் ஒரே ஜோடியாகிவிட்டார்கள். கீரியையும் பாம்பையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்களே என்று வெல்டிங் பிரிவே சிரித்தது.

மூன்று வருடங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை. அதற்கும் காரணம் ஓர் உதைதான்.

அன்று ஆட்டத்தில் விழுந்தவர் அத்தான். பின்னால் நின்றவன் இவன். முந்தின நாள்தான் இருவருக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்கு வந்தவர், "உன் தம்பி வேணும்னே உதைச்சுட்டான்" என்று அக்காவிடம் சொன்னார். நிறைமாதமாக இருந்த அக்கா அப்படியே நம்பினாள். இவன் அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. அதன் பிறகு அவள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நாளாக ஆக இவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் நம் கால் பட்டிருக்குமோ?

இப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து அக்கா ஓடிவந்தாள். கணவரைத்தான் முதலில் பார்த்தாள்.

"பழிக்குப் பழியா?"

அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் தொடவே இல்லை" என்றார்.

இவன் அன்று சொன்ன அதே வார்த்தை. இப்போதும் யாரும் நம்பவில்லை. இவனும் நம்பவில்லை.

பக்கத்துத் தெருவில் எலும்பு டாக்டர் இருந்தார். அங்கே கூட்டமாக இருக்கும், வேறு இடத்துக்குப் போகலாம் என்று அத்தான் இரண்டு முறை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

உள்ளே இவனைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பாதங்கள் இரண்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கின.

டாக்டரம்மா முதலில் நல்ல காலின் கெண்டைச் சதையை அமுக்கினார். பாதம் மீன் வால் போலத் துள்ளியது.

அடுத்த காலை அமுக்கினார்.

பாதம் அசையவில்லை.

இன்னும் அழுத்தி அமுக்கினார். துணி மாட்டிய கொக்கி போல அது சும்மா தொங்கியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கு முன்னாடி வலி இருந்துச்சா?"

இருந்தது என்றான். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் முள்ளில் மிதித்தது போல இருக்கும். கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். வலி மருந்தைப் பீய்ச்சிக்கொண்டு ஆடப் போய்விடுவான்.

"வலிக்கும்போதே வந்திருந்தா படியில நின்னு குதிகாலை மெதுவா இறக்கி ஏத்துற பயிற்சி, ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கிறதுன்னு அதுலயே சரி பண்ணியிருக்கலாம். இப்ப குதிகால் தசைநார் அறுந்துபோச்சு. ஸ்கேன் பார்த்துட்டு, ஆபரேஷனா கட்டான்னு முடிவு பண்ணலாம்."

"ஒரு உதையில இப்படி அறுந்துபோகுமா டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

அத்தான் கதவுப் பக்கம் நகர்ந்தார். "நான் போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்."

"நான் இன்னும் எழுதவே இல்லையே" என்றார் டாக்டரம்மா. பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"யாரும் உதைக்கலம்மா. இது அறுந்தா பின்னாலேருந்து உதை வாங்கின மாதிரியேதான் இருக்கும். பாதிப் பேரு பின்னால நின்னவன்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் இங்க வருவாங்க."

குப்புறக் கிடந்தவனுக்கு மூன்று வருடச் சந்தேகம் நெஞ்சிலிருந்து இறங்குவது தெரிந்தது. பாவம், அத்தானைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கதவருகே நின்றவரைப் பார்த்தார்.

"உங்ககிட்டயும் அன்னிக்கு இதையேதானே சார் சொன்னேன்? இப்ப கால் நல்லா இருக்கா?"



அக்கா கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"விரல் கீழ பார்த்த மாதிரி வச்சுக் கட்டணும். யாராவது பாதத்தைப் பிடிச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

அத்தான் ஓரடி முன்னால் வந்தார். அதற்குள் அக்கா தம்பியின் பாதத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

"நீங்க போய் நம்ம பையனை எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. மாமாவுக்குக் கால்ல அடின்னு சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

"எந்த மாமான்னு கேட்பான்" என்றாள் அக்கா, திரும்பாமல். "அதையும் நீங்களே சொல்லிடுங்க."