லோர்னா பாடிய இடம்

வயதான பாடகர் பெர்ட்ரமின் விரல்கள் வாதத்தில் மடங்கிப்போனதும் கிட்டார் சுவருக்குப் போனது. அவர் மடிக்கு, கிட்டாரின் தம்பி போன்ற சின்ன வாத்தியமான ஒரு பாரிடோன் யுகுலேலி வந்தது. நாலே கம்பி, ஒல்லிக் கழுத்து. அவர் விரலுக்கு எட்டியது.

தன் இடத்துக்கு வந்த யுகுலேலியோடு கிட்டார் பேசவே இல்லை.

மாலையானால் பெர்ட்ரம் பழைய ஜாஸ் பாட்டுகளை வாசித்துக்கொண்டே பாடுவார். ஒரு பாட்டில் மட்டும் பாதியில் குரல் நின்றுவிடும். பிறகு யுகுலேலியை உறைக்குள் வைத்துவிடுவார்.

ஒருநாள் யுகுலேலி பொறுக்க முடியாமல் கேட்டது: "அண்ணே, அந்தப் பாட்டு மட்டும் ஏன் முடியவே மாட்டேங்குது? நான் தப்பா ஒலிக்கிறேனா?"

அன்றுதான் கிட்டார் முதல்முறையாக அதனிடம் வாய் திறந்தது. "தப்பு உன்மேல இல்ல. அந்த இடத்துல அவர் சம்சாரம் லோர்னாம்மா பாடுவாங்க. ஹோட்டல் மேடையில ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாடுவாங்க. அம்மா தவறிப்போனப்புறம் அந்த வரியைப் பாட ஆளில்ல."

"நான் என்ன செய்யட்டும்?"

"அந்த இடம் வந்ததும் ஓய்ஞ்சுடாத. நம்ம சுருதி ஒண்ணுதான். நீ ஒலிச்சா என் கம்பியும் அதிரும்."

மறுநாளும் அதே இடத்தில் பெர்ட்ரமின் குரல் நின்றது. யுகுலேலி கடைசி ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. சுவரில் கிட்டார் மெல்ல முனகியது. பெர்ட்ரம் நிமிர்ந்து அதைப் பார்த்தார். பிறகு, உடைந்த குரலில், லோர்னாவின் வரியைத் தானே பாடினார்.

"என் கம்பியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. கேக்க நல்லா இருந்துச்சா?" என்றது கிட்டார்.

"பேசாதீங்க அண்ணே," என்றது யுகுலேலி, "அவர் அடுத்த வரிக்குப் போயிட்டார்."